பதில் கிடைக்காத அழுகை

ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரத்தில் உள்ள குழந்தைகள் காப்பகங்களுக்குள் முதல்முறை போன வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு உறைத்தது அங்கிருந்த அமைதி. நீளமான கூடத்தில் வரிசை வரிசையாகக் கம்பித் தொட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை. ஒரு வயது இருக்கும், ஒன்றரை வயது இருக்கும். கைக்குழந்தைகள் இத்தனை பேர் கிடக்கும் இடத்தில் அழுகுரலே இல்லை. சில பிள்ளைகள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். சிலர் தொட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தார்கள். தன் கையையே முகத்துக்கு நேரே பிடித்து அசைத்துப் பார்ப்பதில் பொழுதைப் போக்கிய குழந்தைகளும் உண்டு. ஆள் நுழைந்ததும் சற்று வளர்ந்த பிள்ளைகள் ஓடிவந்து, முன்பின் பார்த்திராத அந்நியரின் காலைக் கட்டிக்கொண்டார்கள்.

குழந்தையின் அழுகை யாரோ ஒருவரை நோக்கிப் போகிற அழைப்பு. அழுதால் ஒருவர் வருவார், தூக்குவார், முதுகில் தட்டுவார், ஏதாவது பேசுவார். பிறந்த சில வாரங்களிலேயே குழந்தையின் மூளை இந்தத் தொடர்பைக் கற்றுக்கொள்கிறது. எத்தனை முறை அழுதாலும் யாரும் வராவிட்டால் அதையும் அது கற்றுக்கொள்ளும். அந்தக் கூடங்களில் ஒரு பணியாளரின் பொறுப்பில் பத்துக்கு மேற்பட்ட குழந்தைகள். பால் புட்டி நேரத்துக்கு வந்தது, துணி மாற்றப்பட்டது, எல்லாரையும் ஒரே வேளையில் குளிப்பாட்டினார்கள். அழுத குழந்தைக்காக என்று யாரும் வரவில்லை.

இதன் பின்னால் ஓர் அரசாணை இருக்கிறது. மக்கள்தொகையைப் பெருக்கினால் நாடு வலுப்பெறும் என்று நம்பிய ருமேனியத் தலைவர் நிக்கொலாய் சவுஷெஸ்கு, 1966இல் கருக்கலைப்பைத் தடை செய்தார். கருத்தடைச் சாதனங்களும் கிடைக்காமல் போயின. வளர்க்க வழியில்லாத பெற்றோரிடம், அரசே உங்கள் பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லப்பட்டது. 1989 டிசம்பரில் அவருடைய ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசுக் காப்பகங்களில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அநாதைகள் அல்லர். தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தவர்கள்.

பிற்காலத்தில் வரும் மனச்சோர்வுக்கும் இளம்பருவத் துயரத்துக்கும் உள்ள உறவைப் பேசும்போது, அடி, வசவு, பாலியல் கொடுமை, குடிகார அப்பா என்று நம் மனம் உடனே நடந்த கொடுமைகளின் பக்கம் போகிறது. அவை எல்லாம் உண்மைதான், அவற்றின் பாதிப்பும் பெரிது. ஆனால் புக்கரெஸ்ட் பிள்ளைகளில் பலரை யாரும் அடிக்கவில்லை. அவர்களுக்கு நடந்திருக்க வேண்டிய ஒன்று நடக்காமல் போனது. கைக்குழந்தையின் மூளைக்கு, பதில் சொல்ல ஆள் இல்லாத நிலையே ஆபத்துதான். இந்த அத்தியாயத்தில் நான் முதன்மையாகச் சொல்ல வருவது அதைத்தான்.

அந்தப் பிள்ளைகளைப் பற்றி நமக்கு இவ்வளவு உறுதியாகத் தெரிவதற்குக் காரணம், 2000இல் தொடங்கிய ஓர் ஆய்வு. சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் அதை நடத்தினார்கள். ஆறு காப்பகங்களிலிருந்து 136 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது 6 மாதத்திலிருந்து 31 மாதம் வரை. குலுக்கல் முறையில் 68 பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். மீதி 68 பேர் வழக்கமான அரசுப் பராமரிப்பில் தொடர்ந்தார்கள். அதே நகரத்தில் சொந்தப் பெற்றோரிடம் வளரும் குழந்தைகளையும் ஒப்பீட்டுக்காகச் சேர்த்துக்கொண்டார்கள். அந்நாளில் புக்கரெஸ்ட்டில் வளர்ப்புக் குடும்ப ஏற்பாடு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. ஆய்வாளர்களே 56 குடும்பங்களைத் தேடிப் பிடித்து, பயிற்சி கொடுத்து, உதவித்தொகையும் சமூகப் பணியாளர்களின் துணையும் ஏற்பாடு செய்தார்கள்.

ஒரு குழந்தை வீட்டுக்குப் போகுமா, தொட்டிலிலேயே கிடக்குமா என்பதைக் குலுக்கல் முடிவு செய்யலாமா? இந்தக் கேள்வி இன்றும் எனக்கு முள்ளாகத்தான் இருக்கிறது. அவர்கள் தரப்பில் சொல்லப்பட்ட நியாயம் இது: ஆய்வு நடக்காவிட்டால் 136 பேரும் காப்பகத்திலேயே இருந்திருப்பார்கள், ஆய்வுக்காக எந்தக் குழந்தையையும் காப்பகத்தில் பிடித்துவைக்கவில்லை. வேறொரு குடும்பம் கிடைத்தாலோ, பெற்றோர் திரும்பி வந்தாலோ குழந்தை போகலாம், ஆய்வாளர்கள் தடுக்கமாட்டார்கள். வளர வளர அப்படிப் பலர் போனார்கள். பின்னாளில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் காப்பகத்தில் சேர்க்கக் கூடாது என்று ருமேனியா சட்டம் இயற்றியது. கடுமையான ஊனம் உள்ள குழந்தைகள் மட்டும் விலக்கு. இந்த நியாயத்தில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். இருந்தாலும், குலுக்கலில் பெயர் வராத அந்த 68 பேரை மறந்துவிட்டு இதன் முடிவுகளை வாசிக்க என்னால் முடிவதில்லை.

முடிவுகளுக்கு வருவோம். நான்கரை வயதில் நுண்ணறிவுச் சோதனை வைத்தபோது, காப்பகக் குழுவின் சராசரி 73. வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்களுக்கு 81. சொந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு 109. தலையில் மின்முனைகள் பதித்த தொப்பியை மாட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தபோது, காப்பகக் குழந்தைகளின் மூளையில் அந்த அலைகள் வலுக்குறைந்து தெரிந்தன. பின்னர் எட்டு வயதில் பார்த்தார்கள். இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போனவர்களின் அலைகள், சொந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகளின் அலைகளைப் போலவே இருந்தன. இரண்டு வயதுக்குப் பிறகு போனவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. படங்களில் இன்னொரு வேறுபாடு. நரம்பணுக்கள் செறிந்த சாம்பல்நிறப் பகுதியின் அளவு, காப்பகத்தில் கொஞ்ச காலம் இருந்த பிள்ளைகளுக்கும் குறைந்தே இருந்தது. நரம்பு இழைகள் ஓடும் வெண்ணிறப் பகுதியோ வளர்ப்புக் குடும்பங்களில் ஓரளவு மீண்டு வந்திருந்தது.

இவற்றையெல்லாம்விட என் கவனம் நிற்பது மனநிலை பற்றிய முடிவில். நான்கரை வயதில் பதற்றம், சோர்வு வகைக் கோளாறுகள் வளர்ப்புக் குடும்பக் குழந்தைகளிடம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு குறையவே இல்லை. குடும்பம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடவில்லை, மனத்தின் சோர்வையும் பயத்தையும் தொட்டது. அதிலும் பெண் குழந்தைகளிடம் ஆழ்ந்து பார்த்தபோது, வளர்ப்புத் தாயிடம் உறுதியான பிணைப்பு உண்டானதன் வழியாகத்தான் அந்தப் பலன் வந்திருந்தது. நல்ல சாப்பாடு, விளையாட்டுப் பொருள், தனிப் படுக்கை எல்லாம் உதவியிருக்கலாம். பயந்தால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள ஒருத்தி இருந்தாளா என்பதே அவர்களிடம் பலனைத் தீர்மானித்தது.

ஒருவர் இருப்பதும் இல்லாததும் மூளையின் சதைக்குள் எப்படிப் போய்ச் சேருகிறது? இதைப் புரிந்துகொள்ள கனடாவின் மான்ட்ரியல் நகரத்துக்குப் போக வேண்டும். அங்கே மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி எலிகளை வைத்து நடத்திய சோதனைகள் இந்தத் துறையின் போக்கையே மாற்றின.

முதலில் உடலின் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஆபத்து தெரிந்ததும் மூளையின் அடிப்புறத்தில் உள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளைத் தூண்டுகிறது. அவை கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, உடல் தயாராகிறது. வேலை முடிந்ததும் இந்த ஓட்டம் நிற்க வேண்டும். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் மிதவை மேலெழுந்து குழாயை அடைப்பதுபோல, ரத்தத்தில் கார்ட்டிசால் ஏறியதும் அதுவே மூளைக்குத் திரும்பிப் போய், ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் உள்ள ஏற்பிகளில் ஒட்டி, போதும் நிறுத்து என்று சொல்லவைக்கிறது. அந்த ஏற்பிகள் குறைவாக இருந்தால் மிதவை மந்தமாகிவிடும். ஆபத்து நீங்கிய பிறகும் கார்ட்டிசால் வந்துகொண்டே இருக்கும். நினைவுக்குத் தேவையான அதே ஹிப்போகேம்பஸின் நரம்பணுக்கள்தான் நீடித்த கார்ட்டிசாலால் முதலில் கிளைகளைச் சுருக்கிக்கொள்கின்றன என்பது இதில் உள்ள கொடுமை.

எலிக்குட்டிகளைத் தாயிடமிருந்து தினமும் சில நிமிடங்கள் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால், அவை வளர்ந்தபின் எளிதில் கலங்குவதில்லை என்பது 1950களிலேயே சீமோர் லெவின் கண்டது. குட்டி திரும்பி வந்ததும் தாய் அதை அதிகமாக நக்கிக் கொடுக்கிறது, பலன் அதனால்தான் என்று பிறகு தெரிந்தது. யாரும் தலையிடாதபோதும் சில தாய் எலிகள் குட்டிகளை நிறைய நக்குகின்றன, சில குறைவாக நக்குகின்றன. மீனியின் குழு கூண்டுகளுக்கு முன் உட்கார்ந்து இதை நாள்கணக்கில் எண்ணிக் குறித்தது. அதிகம் நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்தபோது அவற்றின் ஹிப்போகேம்பஸில் அந்த ஏற்பிகள் கூடுதலாக இருந்தன, நெருக்கடியில் ஹார்மோன் அளவாகவே ஏறியது என்று 1997இல் அறிவித்தார்கள். பரம்பரைதானே என்று கேட்கலாம். குறைவாக நக்கும் தாயின் குட்டியை, பிறந்த உடனே, அதிகம் நக்கும் தாயிடம் மாற்றி வைத்தார்கள். குட்டி வளர்த்தவளைப் போலவே வந்தது.

2004இல் வந்தது அடுத்த கண்டுபிடிப்பு. ஏற்பியை உருவாக்கும் மரபணுவின் தொடக்கப் பகுதியில் மீத்தைல் என்ற சிறு வேதிக் கூறுகள் ஒட்டிக்கொண்டு அதை அடக்கிவைக்கின்றன. பிறந்த மறுநாள் எல்லாக் குட்டிகளிடமும் அவை ஒரே மாதிரி இருந்தன. ஒரு வாரத்துக்குள், அதிகம் நக்கப்பட்ட குட்டிகளிடம் அவை கழன்றிருந்தன. மற்றவற்றிடம் அப்படியே நின்றன. மரபணுவின் எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. தாயின் நாக்கு பட்டது, பட்டதின் தடம் டி.என்.ஏ.வின் மேலேயே இருக்கிறது. இந்தத் தடம் அழியாததும் அல்ல: வளர்ந்த எலியின் மூளைக்குள் ஒரு மருந்தைச் செலுத்தி அதை மாற்றிக் காட்டினார்கள்.

மனிதரிடம் இதே தடத்தைத் தேடி, 2009இல் மெக்கில் குழுவினர் கியூபெக்கில் இறந்தவர்களின் மூளைத் திசுக்களை ஆராய்ந்தார்கள். சிறுவயதில் கொடுமைக்கு ஆளாகிப் பின்னர் தற்கொலை செய்துகொண்டவர்களிடம் அந்த ஏற்பி மரபணு அதிகம் அடக்கப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட கடந்தகாலம் இல்லாமல் தற்கொலை செய்துகொண்டவர்களிடம் அது தெரியவில்லை. மொத்தம் 36 பேரின் மூளைகள்தான். ஆகவே எலியில் கிடைத்த தெளிவை மனிதர் மேல் அப்படியே ஏற்றிச் சொல்வது சரியாகாது. ஒரு ரத்தச் சோதனையில் குழந்தைப் பருவத்தைப் படித்துவிடலாம் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

இந்த எலிக் கதையைக் கேட்டதும் தாய்மார்கள் சிலர் கலங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். வேலைக்குப் போனேனே, பிள்ளைப்பேற்றுக்குப் பின் என் மனமே சரியில்லாமல் இருந்ததே என்று. அவர்களுக்கு மீனியின் ஆய்வகத்திலிருந்தே இன்னொரு முடிவைச் சொல்ல வேண்டும். நன்றாக நக்கும் தாய் எலியைக் கர்ப்ப காலத்தில் நெருக்கடிக்கு உள்ளாக்கினால், அது குட்டிகளை நக்குவதும் குறைந்துபோகிறது. தாயின் குணம் என்று நாம் பெயர் வைத்ததில் பாதி, அவளுக்கு நேர்ந்தது. ஒரு நாள் கோபமோ, ஒரு வாரக் காய்ச்சலோ, அலுவலக நேரமோ குழந்தையின் மூளையைக் குலைப்பதில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பதில் வராமல் போவதைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். குழந்தைக்குப் பதில் சொல்லும் அந்த ஒருவர் பாட்டியாகவும் இருக்கலாம், தகப்பனாகவும் இருக்கலாம்.

கார்ட்டிசால் எப்போதும் பொங்கி வழியும் என்றும் நினைத்துவிடக் கூடாது. கிறிஸ்டீன் ஹைம் என்ற ஆய்வாளர் 2000இல் வெளியிட்ட ஆய்வில் 49 பெண்களை, முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு குழுவின் முன் பேசவும் மனக்கணக்குப் போடவும் வைத்தார். சிறுவயதில் கொடுமைக்கு ஆளாகி, இப்போது மனச்சோர்விலும் இருந்த பெண்களிடம், பிட்யூட்டரியின் தூண்டு ஹார்மோன், கொடுமையும் மனச்சோர்வும் இல்லாத பெண்களைவிட 6 மடங்குக்கும் மேல் எகிறியது. புக்கரெஸ்ட் பிள்ளைகளிடம் இதேபோன்ற சோதனையைச் செய்தபோது கண்டது நேர்மாறு. காப்பகத்தில் வளர்ந்தவர்களின் உடல் அந்த அளவுக்கு எழவில்லை. கார்ட்டிசாலும் இதயத் துடிப்பின் ஏற்றமும் மந்தமாக இருந்தன. இரண்டு வயதுக்கு முன் குடும்பத்துக்குப் போனவர்களிடம் மட்டும் இயல்பான எழுச்சி தெரிந்தது. மிரட்டலில் வளர்ந்த உடல் எல்லாவற்றுக்கும் துள்ளுகிறது. வெறுமையில் வளர்ந்த உடல் பலவற்றுக்கு எழுந்திருப்பதே இல்லை. இரண்டுமே மனச்சோர்வுக்கு இட்டுச்செல்லும் பாதைகள். முதலாமவர் தூங்க முடியாமல் தவிப்பார், இரண்டாமவருக்கு எதிலும் ஒட்டுதல் வராது. ஒரே நோய்ப் பெயரோடு இருவரும் ஒரே மருத்துவரின் வரிசையில் உட்கார்ந்திருக்கலாம்.

பாதிப்பு உடனே தெரிவதும் இல்லை. ருமேனியாவிலிருந்து, பெரும்பாலும் காப்பகங்களிலிருந்து, இங்கிலாந்துக் குடும்பங்களுக்குத் தத்துப்போன 165 குழந்தைகளை, மைக்கேல் ரட்டர் தொடங்கிய ஆய்வு வாலிபம் வரை தொடர்ந்தது. ஆறு மாதத்துக்குள் காப்பகத்தை விட்டுப் போனவர்கள் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் இருந்தவர்களிடம் அறிவுத்திறன் குறைபாடு வளர வளர மறைந்தது, பெற்றோர் நிம்மதி அடைந்தார்கள். ஆனால் இருபதுகளின் தொடக்கத்தில், பலருக்கு முன்பு இல்லாத அளவில் பதற்றமும் மனச்சோர்வும் தலைகாட்டின. அன்பான வீட்டில் ஏறக்குறைய இருபது வருடம் வளர்ந்த பிறகு! அதே குழுவில், ஆறு மாதத்துக்கு மேல் காப்பகத்தில் இருந்தும் எந்தக் காலத்திலும் எந்தக் கோளாறும் காட்டாதவர்கள் ஐந்தில் ஒருவர். அவர்களைக் காத்தது எது என்ற கேள்விக்கு இன்னும் நிறைய உழைக்க வேண்டியிருக்கிறது.

இருபதுகளில் தலைகாட்டிய பாதிப்பு இவ்வளவு காலம் எங்கே ஒளிந்திருந்தது? எரிக் நெஸ்லரின் ஆய்வகத்தில் கேத்தரின் பென்யா 2017இல் ஒரு விடையின் நுனியைப் பிடித்தார். சுண்டெலிக் குட்டிகளைப் பிறந்த பத்தாம் நாளிலிருந்து இருபதாம் நாள் வரை நெருக்கடியில் வளர்த்தார். வளர்ந்தபின் அவை பார்ப்பதற்கு இயல்பாகவே இருந்தன. பெரிய எலி ஒன்று அவற்றைத் தாக்கி அடக்கியபோதுதான், மற்ற எலிகளைவிட வெகுவேகமாகச் சோர்ந்து ஒதுங்கின. மூளையின் மகிழ்ச்சிச் சுற்றில், ஓடிஎக்ஸ்2 என்ற ஒழுங்குபடுத்தும் புரதம் குட்டிப் பருவத்தில் சில நாள் குறைந்திருந்தது. பிறகு அது பழைய அளவுக்கே வந்துவிட்டது. அது ஒழுங்குபடுத்தும் மரபணுக்களின் செயல்பாடுதான் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. முதல் அடி வெளியே தெரியாத ஒரு தயார்நிலையை விட்டுப் போகிறது, இரண்டாம் அடி அதை எழுப்புகிறது. வேலை போவது, காதல் முறிவது, நெருங்கியவர் சாவது என்று இருபதுகளில் வரும் சோகம் எல்லாரையும் தொடுகிறது. சிலரை மட்டும் மாதக்கணக்கில் படுக்கையோடு கட்டிப்போடுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, இரண்டு வயதோடு கதவு மூடிவிடுகிறதா? இல்லை. அமெரிக்காவில் மெகன் கன்னரின் குழு, காப்பகங்களிலிருந்து தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளை ஏழு வயதிலிருந்து பதினைந்து வரை பல முறை சோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டது. சிறுவயதில் மந்தமாக இருந்த அவர்களின் கார்ட்டிசால் எழுச்சி, பூப்புப் பருவம் முன்னேற முன்னேற மற்றப் பிள்ளைகளின் அளவுக்கு வந்தது. நடுவில் நல்ல சூழலில் வளர்ந்திருந்தால், அந்த வயதில் உடல் தன் அளவுகோலைத் திரும்ப அமைத்துக்கொள்கிறது போலும். அந்தத் திருத்தம் எல்லாவற்றையும் நல்லதாக்குமா என்பது வேறு கேள்வி. எழுந்திருக்கப் பழகிய உடலுக்குப் பதற்றமும் கூடவே வரலாம். பதின்வயதில் வளர்ப்புப் பிள்ளைகளைக் கைவிடக் கூடாது என்பதற்கு இது போதிய காரணம்.

பெரியவர்கள் ஆன பிறகு? 2012இல் நன்னி, ஊஹர், டனேசி என்ற ஆய்வாளர்கள் மூவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சிறுவயதில் கொடுமையோ புறக்கணிப்போ அனுபவித்தவர்களுக்கு, மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருவதற்கும் நீடிப்பதற்கும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்கு. சிகிச்சைக்கு இசைவதும் குறைவு. கேட்கச் சோர்வூட்டும் செய்திதான். அதோடு சேர்த்து வாசிக்க வேண்டிய இன்னொரு ஆய்வு 2003இல் சார்லஸ் நெமராஃப் வெளியிட்டது. நாள்பட்ட மனச்சோர்வு உள்ள 681 பேரில் சிலருக்கு மாத்திரை, சிலருக்கு உளவியல் சிகிச்சை, சிலருக்கு இரண்டும் கொடுக்கப்பட்டிருந்தன. பொதுவாகப் பார்த்தால் இரண்டும் சேர்ந்ததே வென்றது. சிறுவயதில் பெற்றோரை இழந்தவர்கள், கொடுமைக்கு ஆளானவர்கள், புறக்கணிக்கப்பட்டவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, மாத்திரையைத் தனியாகக் கொடுத்ததைவிட உளவியல் சிகிச்சை தெளிவாக அதிகப் பலன் தந்திருந்தது. அதோடு மாத்திரையைச் சேர்த்தபோது கூடுதலாகக் கிடைத்தது சொற்பம்.

அது எந்த வகைச் சிகிச்சை என்பது முக்கியம். ஜேம்ஸ் மெக்கல்லோ உருவாக்கிய அந்த முறையில், நோயாளி தான் ஒன்று சொன்னால் எதிரே இருப்பவர் எப்படி நடந்துகொள்வார் என்று எதிர்பார்க்கிறார் என்பதைச் சிகிச்சையாளர் கவனிக்கிறார். தவறை ஒப்புக்கொண்டால் அப்பா என்ன செய்திருப்பார், அழுதால் அம்மா என்ன செய்திருப்பார் என்று கேட்கிறார். பிறகு, இப்போது நான் என்ன செய்தேன் என்று கேட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் செய்கிறார். பன்னிரண்டு வாரங்களில் இருபது அமர்வுகள் வரை. குழந்தையாக இருந்தபோது மூளை கற்றுக்கொண்ட எதிர்பார்ப்பைப் பெரியவராக உட்கார்ந்து திருத்தும் வேலை அது.

ஒரே ஒரு ஆய்வை, அதுவும் முடிந்த ஆய்வின் தரவுகளைத் திரும்பப் பிரித்துப் பார்த்ததை வைத்து, யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம். பலருடைய உயிரை அது காத்திருக்கிறது. ஆனால் இரண்டு, மூன்று மருந்து மாற்றியும் மனச்சோர்வு பிடியை விடவில்லை என்றால், சிறுவயதில் வீட்டில் எப்படி இருந்தது என்று மருத்துவர் கேட்டாக வேண்டும். அவர் கேட்கவில்லையென்றால் நீங்களே சொல்லுங்கள்: அடி வாங்கியதை மட்டும் அல்ல, யாரும் வராததையும்.